எஸ்.பி.எஸ்.எஸ் ஜன்னலில் ஒரு பெயர்: ஆசிரியர் இல்லாமல் புள்ளியியல் கற்ற மஹலனோபிஸ் யார்?

பெயர்ப் பலகை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழர்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். பால் மரங்கள் நின்ற இடத்தில் இப்போது செம்பனை. கொஞ்சம் தள்ளிப் போனால் யுனிசெல் வளாகம். அங்கேயும் சரி, நாட்டின் வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் சரி, உளவியல், கல்வியியல், சமூக அறிவியல் என்று சேரும் மாணவர்கள் பலரும் பயப்படும் ஒரு பாடம் இருக்கிறது. அதுதான் புள்ளியியல், பேச்சு வழக்கில் ஸ்டாட்ஸ். மனிதர்களைப் பற்றிப் படிக்கலாம் என்று வந்தால் இங்கேயும் கணக்கா என்று முதல் வாரத்திலேயே நொந்துபோகிறவர்கள் நிறைய.

அப்படியே தட்டுத்தடுமாறி இறுதியாண்டு ஆய்வுக்கு வந்து, எஸ்.பி.எஸ்.எஸ் மென்பொருளில் ரிக்ரெஷன் போடும்போது, சேவ் என்ற பொத்தானைத் தட்டினால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதில் டிக் செய்யச் சொல்லி ஒரு பெயர் இருக்கும்: மஹலனோபிஸ். விரிவுரையாளர் டிக் செய்யச் சொல்வார், நாமும் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அது ஒரு மனிதரின் பெயர், அதுவும் கல்கத்தாக்காரர் ஒருவரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் புள்ளியியலைப் பாடமாகப் படித்தவரே இல்லை. அவர் படித்தது இயற்பியல். அவர் காலத்து இந்தியாவில் புள்ளியியலுக்கென்று ஒரு துறையும் கிடையாது. தனக்கு முன்னால் வந்து விழுந்த ஒவ்வொரு கேள்வியையும் பிடித்துக்கொண்டு, அதற்கு என்ன தேவையோ அதைத் தானே கற்றார். அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை மனிதர்களைப் பற்றியவை: தேர்வு மதிப்பெண், உடல் அளவு, அறிவுச் சோதனை, பசி, கணக்கெடுக்கப் போகிறவரின் நேர்மை. அதனால்தான் இன்று நடத்தை அறிவியல் மாணவர்களுக்கு அவர் வாழ்க்கை ஒரு நல்ல நுழைவாயிலாக இருக்கிறது.

ரயிலைத் தவறவிட்ட மாணவர்

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில், பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பட்டம். ஜகதீஷ் சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் போன்றவர்கள் பாடம் நடத்திய கல்லூரி அது. 1913-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று கப்பல் ஏறினார்.

இடையில் ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், லண்டனுக்குத் திரும்பும் கடைசி ரயிலைத் தவறவிட்டார். அன்றிரவு ஒரு நண்பரின் அறையில் தங்கல். கிங்ஸ் கல்லூரியின் தேவாலயம் அவர் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. இங்கேயே சேர முயன்றால் என்ன என்று நண்பர் கேட்க, அதற்கென விண்ணப்பித்து, நேர்முகம் போய், இடமும் கிடைத்துவிட்டது. நல்ல கதை. அவரைப் பற்றி எழுதும் எல்லாரும் சொல்லும் கதையும்கூட.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. 1914-இல் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்த கும்பகோணத்து இராமானுஜனுக்கு அங்கே கிடைத்த நண்பர்களில் மஹலனோபிஸும் ஒருவர். குளிரில் இராமானுஜன் இரவெல்லாம் நடுங்குவதாகச் சொல்ல, மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன. ஆனால் அவை மெத்தைமேல் இறுக்கமாக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலே படுத்துக்கொண்டு ஓவர்கோட்டைப் போர்த்தியிருக்கிறார். எப்படி என்று மஹலனோபிஸ் செய்து காட்டினார்.

இன்னொரு நாள், இராமானுஜன் அடுப்பில் காய்கறி கிண்டிக்கொண்டிருந்தபோது, ஸ்ட்ராண்ட் என்ற ஆங்கில இதழில் வந்த புதிர் ஒன்றை மஹலனோபிஸ் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என்று வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டுக்கு இடப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். வீட்டு எண் என்ன? மஹலனோபிஸ் எண்களைப் போட்டுப் பார்த்தே விடையைக் கண்டுபிடித்திருந்தார். (288 வீடுகளில் 204-ஆவது. நீங்களே கூட்டிப் பாருங்கள்.) இராமானுஜனோ கரண்டியை விடாமல், இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் ஒரு தொடர் பின்னத்தையே விடையாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு வகை மூளைகள். ஒன்று எண்களுக்குள்ளேயே வாழ்வது. மற்றது எண் எங்கிருந்து வந்தது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்பது. புள்ளியியலுக்கு இரண்டாவது போதும். இராமானுஜன் மாதிரி இல்லையே என்று ஸ்டாட்ஸ் வகுப்பில் கவலைப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கப்பலில் படித்த இதழ்கள்

1915-இல் இயற்பியலில் முதல் வகுப்பு. ஆய்வைத் தொடர்வதற்கு முன் சிறு விடுமுறையில் ஊருக்குப் புறப்பட்டார். அது முதல் உலகப் போர்க் காலம், கப்பல் தாமதமானது. நேரம் போகக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவருடைய டியூட்டர் மெக்காலே ஒரு இதழைக் காட்டினார். பெயர் பயோமெட்ரிகா. உயிரினங்களையும் மனிதர்களையும் அளந்து, அந்த அளவுகளை ஆராயும் இதழ். லண்டனில் கார்ல் பியர்சன் நடத்தியது. அதன் தொகுதிகளை மொத்தமாக வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். கல்கத்தா வரும்வரை படிப்புதான்.

விடுமுறைக்கு வந்தவர் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பிக்க ஆரம்பித்து, அங்கேயே தங்கிவிட்டார். 1917 வாக்கில், தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் கேட்டதற்காகக் கல்கத்தா பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தார். 1920-இல் நாக்பூர் அறிவியல் மாநாட்டில், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநர் நெல்சன் அனன்டேலைச் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர்களிடம் எடுத்த உடல் அளவுகள் அனன்டேலிடம் குவிந்து கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்று சொல்ல ஆள் வேண்டும். மஹலனோபிஸின் முதல் புள்ளியியல் கட்டுரை 1922-இல் வந்தது. அது அந்த மனிதர்களின் உயரத்தைப் பற்றியது.

இங்கேதான் அறிமுகப் பாடத்தின் முதல் இரண்டு அத்தியாயங்கள் உயிர் பெறுகின்றன. சராசரி உயரம் எவ்வளவு என்பது எளிய கேள்வி. அந்தச் சராசரியைச் சுற்றி மனிதர்கள் எவ்வளவு சிதறி நிற்கிறார்கள் என்பதுதான் சுவையான கேள்வி. அந்தச் சிதறலுக்குத்தான் திட்ட விலகல் என்று பெயர். இரண்டு வகுப்புகளின் சராசரி 60 மதிப்பெண்ணாகவே இருக்கலாம். ஒன்றில் எல்லாரும் 55-க்கும் 65-க்கும் இடையில் நிற்பார்கள். மற்றதில் பாதிப் பேர் 30, பாதிப் பேர் 90. சராசரியை மட்டும் பார்க்கிற தலைமையாசிரியருக்கு இரண்டும் ஒன்று. ஆசிரியருக்கு அப்படியல்ல.

மூக்கின் அகலமும் மனிதனின் தகுதியும்

அந்தக் காலத்தில் மனிதர்களை அளப்பது அப்பாவித்தனமான வேலை அல்ல. ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1890-களில் வங்காளத்துச் சாதிகளின் மூக்கு, மண்டை, உயரம் எல்லாவற்றையும் அளக்கச் செய்து, மூக்கின் அகலத்துக்கும் சாதி அடுக்குக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். எண் இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, ஆகவே உண்மை. இன்றும் இதே மாதிரி வாதங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன, மூக்குக்குப் பதில் வேறு ஏதாவது வைத்து.

மஹலனோபிஸ் இந்த அளவுகளைத் தூக்கி எறியவில்லை. உட்கார்ந்து சரிபார்த்தார். ரிஸ்லியின் தரவுகளைத் திருத்தி ஆராய்ந்த கட்டுரையை 1933-இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1920-களின் நடுவில், வங்காளத்து இனக்கலப்பைப் பற்றிய ஆய்வில் ஒரு கேள்வி கேட்டார். ஒரு குழு இன்னொரு குழுவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? மூக்கை மட்டும் வைத்தோ உயரத்தை மட்டும் வைத்தோ அல்ல, எல்லா அளவுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்? வங்காளத்துப் பிராமணர்கள் வெளி மாகாணப் பிராமணர்களைவிட, வங்காளத்தின் மற்றச் சாதியினருக்கே நெருக்கமாக இருந்தார்கள். மேல், கீழ் என்று அடுக்கப்பட்டிருந்ததை அவர் தூரம், நெருக்கம் என்று மாற்றிக் கேட்டார். என் பார்வையில், அவர் செய்ததிலேயே பெரியது இதுதான்.

ஆனால் தூரத்தை எப்படி அளப்பது? ஒரு உதாரணம் பார்க்கலாம். ஒரு குழுவில் ஆண்களின் சராசரி உயரம் 170 செ.மீ., சராசரி எடை 68 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 185 செ.மீ., 83 கிலோ. இன்னொருவர் 155 செ.மீ., அதே 83 கிலோ. இருவருமே உயரத்தில் 15, எடையில் 15 என்று சராசரியிலிருந்து விலகி நிற்கிறார்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் இருவருக்கும் ஒரே தூரம். ஆனால் கண்ணுக்குத் தெரியும், இரண்டாமவர்தான் அபூர்வம். உயரம் கூடினால் எடையும் கூடுவது வழக்கம். முதலாமவர் அந்த வழக்கப்படி போகிறார், இரண்டாமவர் அதற்கு எதிராகப் போகிறார்.

அளவுகளின் சிதறலையும், அவை ஒன்றோடொன்று கைகோத்துப் போகும் ஒட்டுறவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தூரத்தைச் சொல்வதுதான் மஹலனோபிஸ் தூரம். 1925 முதல் பத்தாண்டுக்கும் மேலாக அதைச் செதுக்கி, 1936-இல் பொதுவடிவில் வெளியிட்டார்.

உங்கள் கேள்விப் படிவ ஆய்வில் அது செய்வதும் இதையேதான். நான் எளிதில் பதற்றப்படுவேன் என்ற வரிக்கு ஒருவர் 5 போட்டிருக்கிறார். நான் எப்போதும் நிதானமாக இருப்பேன் என்ற வரிக்கும் 5. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சாதாரண விடைகள். சேர்த்துப் பார்த்தால் இடிக்கிறது. பெரும்பாலும் படிக்காமலே வரிசையாக 5 போட்டுக்கொண்டு போனவராக இருப்பார். அப்படிப்பட்டவரின் மஹலனோபிஸ் தூரம் பெரிதாக வரும், அதற்குத்தான் அந்த டிக். ஆனால் தூரம் பெரிது என்பதற்காகவே ஒருவரைத் தரவிலிருந்து நீக்கிவிடக் கூடாது. 155 செ.மீ., 83 கிலோ மனிதர் நிஜமாகவே இருக்கலாம். படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் படி இது.

வெள்ளம் வந்தால் அணை கட்டு?

சிலாங்கூர் ஆற்றோரம் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதி உடனே புரியும். 1922-இல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம். தண்ணீரைத் தேக்கி வைக்கப் பெரும் செலவில் நீர்த்தேக்கங்கள் கட்டலாம் என்று யோசனை வந்தது. அப்போது அலிப்பூர் வானிலை ஆய்வகப் பொறுப்பையும் பார்த்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ், சுமார் 50 ஆண்டு மழை, வெள்ளப் பதிவுகளை எடுத்து வைத்துப் பார்த்தார். தேக்குவதால் பயனில்லை, தண்ணீர் வேகமாக வடிய வழி செய்வதே தேவை என்று சொன்னார். 1926-இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம். ஆற்றுப்படுகை மேடாகிவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்றனர் பொறியாளர்கள். பழைய பதிவுகளில் அப்படி எந்த உயர்வும் தெரியவில்லை. இங்கே அவர் பரிந்துரைத்தது மேற்பகுதியில் அணை. ஒரே மனிதர், ஓரிடத்தில் தேக்காதே என்கிறார், இன்னோரிடத்தில் தேக்கு என்கிறார். தரவு எங்கே போனதோ அங்கே அவர் போனார்.

238 ரூபாயில் ஒரு நிறுவனம்

1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது. சுருக்கமாக ஐ.எஸ்.ஐ. இடம், பிரசிடென்சி கல்லூரி இயற்பியல் துறையில் அவருடைய அறை. முதலாண்டுச் செலவு 238 ரூபாய். கணக்குப் போட ஒரு பகுதிநேர ஊழியர். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் மனிதர்தான். இந்த அறையிலிருந்து வளர்ந்த நிறுவனம்தான் 1956-இல் இந்தியாவுக்கு முதல் மின்னணுக் கணினியைக் கொண்டுவந்தது. இன்று அதற்குச் சென்னையிலும் ஒரு மையம் இருக்கிறது.

1933-இல் சங்க்யா என்ற ஆய்விதழைத் தொடங்கினார். அதன் முதல் தொகுதியிலேயே உளவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய கட்டுரை ஒன்று இருக்கிறது. எழுதியவர் மஹலனோபிஸ்தான். வங்காள மொழியில் குழுவாக நடத்தப்படும் அறிவுச் சோதனை எவ்வளவு நம்பகமானது என்பது பொருள். மேல்நாட்டில் உருவான அறிவுச் சோதனைகள் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம். மொழிபெயர்த்தோம், நடத்தினோம், மதிப்பெண் போட்டோம் என்று விட்டுவிடாமல், இதே பிள்ளைக்கு இன்னொரு முறை நடத்தினால் ஏறக்குறைய இதே மதிப்பெண் வருமா என்று கேட்டது அந்தக் கட்டுரை. பாடநூல் மொழியில் இதற்குப் பெயர் நம்பகத்தன்மை.

நம்பகத்தன்மை இருந்தாலே போதாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துவிட்டு, மலாய் மொழித் தேர்ச்சி போதவில்லை என்று புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்த அண்ணனோ அக்காவோ தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அவர்களுக்கு மலாயில் ஓர் அறிவுச் சோதனை வைத்தால், பத்து முறை வைத்தாலும் ஒரே மதிப்பெண் வரலாம். நம்பகமான சோதனைதான். ஆனால் அது அளந்தது அறிவையா, மலாயையா? அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்ற இந்தக் கேள்விக்குப் பெயர் ஏற்புடைமை. தேர்வில் இரண்டையும் குழப்பிக்கொண்டால் மதிப்பெண்தான் போகும். வாழ்க்கையில் குழப்பிக்கொண்டால் ஒரு பிள்ளை மக்கு என்ற பெயரோடு வளரும்.

எண்ணுகிறவரையே சோதிப்பது

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மாதிரி எடுப்பது புதிதல்ல. பால்வெட்டுக் காலத்தில் ஸ்டோரில் வாளிப் பாலிலிருந்து கொஞ்சம் எடுத்து, அதில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பார்கள். அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் மொத்தப் பாலுக்கும் கணக்கு. கூலியும் அதைப் பொறுத்தது. எடுத்த மாதிரி சரியில்லை என்றால் அன்றைய உழைப்பில் கை வைத்த மாதிரி. இன்று செம்பனையில், பறிக்கப் போகும் குலைகள் எத்தனை என்று முன்கூட்டியே சொல்ல, எல்லா மரத்தையும் எண்ணுவதில்லை. சில நெரைகளில் சில மரங்களை மட்டும் எண்ணி மொத்தத்தைக் கணிக்கிறார்கள். கம்போங் குவாந்தான் மின்மினிகளையும் அப்படித்தான் கணிக்க முடியும். எல்லாவற்றையும் எண்ண விடியும்வரை படகில் உட்கார்ந்தாலும் ஆகாது.

1937 முதல் மஹலனோபிஸ் செய்ததும் இதுதான், ஆனால் வங்காளம் முழுவதற்கும். எத்தனை ஏக்கரில் சணல் பயிராகிறது? முன்கூட்டியே தெரியாவிட்டால் விலை ஏறி இறங்கும், அடி விவசாயிக்கு விழும். ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்க்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. வரைபடத்தில் குலுக்கல் முறையில் சிறு கட்டங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் பார்த்தால் போதும் என்றார். முதலில் சின்னதாகச் செய்து பார், செலவும் பிழையும் எவ்வளவு என்று தெரிந்துகொள், பிறகு பெரிதாகச் செய். இன்று எல்லா மாணவரும் சொல்லும் பைலட் சர்வே என்ற வழக்கம் வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மாதிரி சிறிதாக இருப்பதால் வரும் பிழையைப் பற்றி எல்லாப் புத்தகமும் சொல்லும். அவர் அதைவிட மோசமான ஒன்றைக் கண்டார். எண்ணப் போகிறவர் மனிதர். வெயிலில் அலைய மனமில்லாமல் மரத்தடியில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பலாம். வயலில் சிறு வட்டம் போட்டு அதற்குள் விளைந்ததை மட்டும் அறுக்கச் சொன்னால், கோட்டின்மேல் நிற்கும் செடியை உள்ளே சேர்த்துக்கொள்ளத் தோன்றும். அதில் மோசடி எண்ணம் எதுவும் இருக்காது, கை தானாக அந்தப் பக்கம் போகும். வட்டம் சிறிதாகச் சிறிதாக இந்தப் பிழை பெரிதாகும். இந்த அளவு விஷயத்தில் பி.வி. சுகாத்மேவுக்கும் அவருக்கும் நீண்ட கருத்து மோதலே நடந்தது.

அவர் கண்ட வழி எளிமையானது. ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடு. இரண்டையும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு குழுக்களிடம் கொடு. இரண்டு விடைகளும் ஏறக்குறைய ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு நம்பக் கூடாது என்பதாவது தெரியும். மனிதர்களை ஆராயும் எந்தத் துறைக்கும் இது அடிப்படை. ஒரு குழந்தையின் நடத்தையை இரண்டு பேர் தனித்தனியாகக் கவனித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று உளவியல் ஆய்வில் சொல்கிறார்களே, அந்த எண்ணத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு.

வயலை எண்ணிய கை பசியையும் எண்ணியது. 1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு, எந்தக் குடும்பங்கள் நிலத்தை இழந்தன, யார் பிழைப்பு பறிபோனது என்று அவரும் சக ஆய்வாளர்களும் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி 1946-இல் வெளியிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-இல் அவருடைய முயற்சியால் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. இந்தியர்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பது வீடு வீடாகத் தெரிய ஆரம்பித்தது அதனால்தான். அதே ஆண்டு, தென்கிழக்காசியா உட்பட ஆசிய நாடுகளின் புள்ளியியலாளர்களுக்குக் கல்கத்தாவில் ஒரு பயிற்சி மையமும் உருவானது.

ஐ.எஸ்.ஐ வட்டாரத்தில் சொல்லப்படும் உப்புக் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1947-இல் டெல்லி செங்கோட்டையில் அகதிகள் தஞ்சம். எத்தனை பேர் என்று உள்ளே போய் எண்ண முடியாத நிலை. சாப்பாடு போட்ட ஒப்பந்தக்காரர்களின் பில்லோ எகிறிக்கொண்டே போனது. மஹலனோபிஸின் நெடுநாள் கூட்டாளி ஒருவர் பில்லில் இருந்த அரிசி, பருப்பு, உப்பு மூன்றையும் தனித்தனியே எடுத்து, ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று வகுத்துப் பார்க்கச் சொன்னார். அரிசிக் கணக்கில் ஆட்கள் மிக அதிகம், உப்புக் கணக்கில் மிகக் குறைவு. உப்பு அன்று மலிவு, அதில் பொய்க் கணக்கு எழுதி என்ன லாபம்? தவிர, ஏழையோ பணக்காரரோ, ஆளுக்கு ஆள் உப்பின் அளவு பெரிதாக மாறாது. ஆகவே உப்பே உண்மைக்கு அருகில். சிதறல் குறைந்த அளவையை நம்பு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

எண்ணிலிருந்து அதிகாரத்துக்கு

1945-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1955-இலிருந்து 1967 வரை திட்டக் குழுவில். 1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அவருடைய மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. இயந்திரம் செய்யும் கனரகத் தொழிலுக்கு முதலிடம் கொடுத்தது அது. விவசாயம் பின்தங்கியது, அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது என்று அதன்மேல் விமர்சனங்கள் இன்றும் தொடர்கின்றன. அவற்றில் நியாயம் உண்டு என்றே தோன்றுகிறது. வயலில் இரண்டு குழுவை அனுப்பிச் சரிபார்த்தவருக்கு, ஒரு நாட்டின் திட்டத்தை அப்படிச் சரிபார்க்க இரண்டாவது நாடு கிடைக்கவில்லை.

ஐ.எஸ்.ஐ-யை அவர் கடைசிவரை தன் பிடியிலேயே வைத்திருந்தார். புகழ்பெற்ற உயிரியலாளர் ஹால்டேன் 1957-இல் அங்கே வந்து சேர்ந்து, மஹலனோபிஸோடு ஒத்துப்போகாமல் 1961-இல் விலகினார். அவர் தொடங்கிய கணக்கெடுப்பும் அரசியலுக்குத் தப்பவில்லை. 2017-18 நுகர்வுச் செலவு முடிவுகளை வெளியிடப் போவதில்லை என்று இந்திய அரசு 2019-இல் அறிவித்தபோது, பொருளாதார அறிஞர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

வீட்டில் மனைவி நிர்மலகுமாரி. 1923-இல் திருமணம், மாமனாருக்குச் சம்மதமில்லாத திருமணம். பிரம்ம சமாஜத்தின் மாணவர்கள் புகை, மது பற்றிய விதிகளில் கையெழுத்திட வேண்டும் என்பதை மஹலனோபிஸ் எதிர்த்தது ஒரு காரணமாம். கவிஞர் தாகூருக்கு இருவருமே நெருக்கம். விஸ்வபாரதியின் இணைச் செயலாளராகப் பத்தாண்டு வேலை பார்த்தவர் மஹலனோபிஸ்.

1968-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1972 ஜூன் 28 அன்று கல்கத்தாவில் இறந்தபோது 79-ஆவது பிறந்த நாளுக்கு ஒரு நாள்தான் மீதி இருந்தது. கடைசி வாரங்கள்வரை வேலையை விடவில்லை. 2007 முதல் இந்தியா ஜூன் 29-ஐத் தேசியப் புள்ளியியல் தினமாகக் கடைப்பிடிக்கிறது. பராநகரில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு ஆம்ரபாலி என்று பெயர் வைத்தவர் தாகூர். அது இன்று அவருடைய நினைவு அருங்காட்சியகம்.